‘நாங்கதான் கடைசித் தலைமுறை!’ - ஃபேமிலி குரூப்பில் தாத்தா ஏன் இதையே ஃபார்வர்டு செய்கிறார்?

உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த மெசேஜ் கண்டிப்பாக வந்திருக்கும். அம்மி, ஆட்டுக்கல்லில் அரைத்ததைச் சாப்பிட்ட கடைசித் தலைமுறை நாங்கள். அரிக்கேன் விளக்கில் படித்த கடைசித் தலைமுறை நாங்கள். வீடியோ காலில் பேரனைக் கொஞ்சும் முதல் தலைமுறையும் நாங்கள். இப்படியே நீண்டு, ரெண்டு முறை ‘மேலும் படிக்க’ தட்டினாலும் முடியாத மெசேஜ். அனுப்பியவர் பெரும்பாலும் தாத்தாவாகவோ, பெரியப்பாவாகவோ இருப்பார். நீங்களும் என்னை மாதிரியே ஒரு கும்பிடு எமோஜி போட்டுவிட்டு நகர்ந்திருப்பீங்க.

என் தாத்தாவுக்கு 82 வயது. இந்த மெசேஜை எங்கள் குரூப்பில் மட்டும் நாலு முறை அனுப்பியிருக்கிறார். நாலாவது முறை, ‘தாத்தா, ஏற்கெனவே அனுப்பிட்டீங்க’ என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு குரூப்பில் அவர் எதுவும் அனுப்பவில்லை. குட்மார்னிங்கூட வரவில்லை. பத்து நாள் கழித்து கும்பகோணம் போனபோதுதான் காரணம் புரிந்தது. அதை அப்புறம் சொல்றேன். முதலில், இந்தப் பெருமை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

14 வயசுப் பையனுக்கு வந்த முதல் ‘அப்டேட்’

1957, ஏப்ரல் 1. அன்றுதான் இந்தியாவில் தசம நாணய முறை வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. நாலணா என்றால் 25 நயா பைசா, எட்டணா என்றால் 50. இதுவரை சிக்கலில்லை. ஆனால், ஒரு அணாவுக்கு எவ்வளவு? ஆறேகால் நயா பைசா! கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆறு கொடுப்பதா, ஏழு கொடுப்பதா?

அப்போது தாத்தாவுக்கு 14 வயது. வீட்டில் கடைக்குப் போகிற ஆள் அவர்தான். “கடைக்காரரு ஆறுன்னு எடுத்துக்குவாரா, ஏழுன்னு கேப்பாராங்கறதுல தினம் ஒரு சண்டை. எங்கம்மா என்னைத்தான் திட்டுவாங்க” என்பார்.

நாணயத்தோடு முடியவில்லை. அடுத்த சில வருடங்களிலேயே வீசை, பலம், சேர் எல்லாம் போய் கிலோ வந்தது. படி, உழக்கு இருந்த இடத்தில் லிட்டர் வந்தது. மைல் கல்லில் கிலோமீட்டர் எழுதினார்கள். யோசிச்சுப் பாருங்க... காசு, எடை, அளவு, தூரம் எல்லாமே பத்து வருடத்துக்குள் மாறினால் உங்கள் தலை என்ன ஆகும்? எனக்கு இன்ஸ்டாவில் ஒரு பட்டனை இடம் மாற்றினாலே ரெண்டு நாள் எரிச்சல்.

ஆனால், ஒரு வித்தியாசம் இருக்கிறது. அணாவையும் நயா பைசாவையும் சில வருடங்கள் சேர்ந்தே புழங்க விட்டார்கள். எந்த அணாவுக்கு எத்தனை பைசா என்று கணக்குப் பட்டியல் இருந்தது. தப்பு செய்ய, திருத்திக்கொள்ள, திரும்பக் கேட்க நேரம் இருந்தது. இன்று உங்கள் பேங்க் ஆப் ராத்திரி தூங்கும்போது மாறிவிடுகிறது. காலையில் எழுந்தால் பழைய பட்டன் இல்லை. ‘பெரியவங்களுக்குப் புதுசா எதையும் கத்துக்கத் தெரியாது’ என்று நாம் சொல்வது எனக்கு இப்போதெல்லாம் நியாயமாகத் தெரியவில்லை. கற்றுக்கொள்ளத் தெரியாதவர்களாக இருந்திருந்தால் 14 வயதிலேயே நின்றிருப்பார்கள்.

ஊருக்கு முன்னாடி செய்தி தெரிந்த மனிதர்

தாத்தா தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். 1964-ல் சேர்ந்தார். மோர்ஸ் கருவியில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்துத் தட்டப் பழகினார். பிறகு டெலிபிரிண்டர் வந்தது, அதற்கு மாறினார். கடைசி வருடங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு 2003-ல் ரிட்டையர் ஆனார். ஒரே வேலைக்குள் மூன்று தொழில்நுட்பம்!

தந்தி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: இன்றைய எஸ்எம்எஸ்ஸின் கொள்ளுத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தைக் கணக்கில் காசு. அதனால் ‘அப்பா சீரியஸ். உடனே புறப்படு’ என்று சுருக்கித்தான் அனுப்புவார்கள். கல்யாண வாழ்த்து போன்றவற்றுக்குத் தனித்தனி எண்களே உண்டு. நீங்கள் எண்ணைச் சொன்னால் போதும், அந்தப் பக்கம் முழு வாழ்த்தையும் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டிக்கர் அனுப்புகிற மாதிரிதான்.

ஆனால், பெரும்பாலான வீடுகளுக்கு தந்தி என்றால் சாவு. வாசலில் தந்திக்காரர் சைக்கிள் நின்றாலே, பிரித்துப் படிக்கும் முன்பே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள் என்று பாட்டி சொல்வார். வேலை கிடைத்த செய்தியாக இருந்தாலும் முதலில் அழுகைதான்.

அந்தச் செய்திகளை எல்லாம் அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே தெரிந்துகொண்டவர் தாத்தா. “ஒருதடவ நம்ம தெருவுலயே ஒருத்தர் வீட்டுக்குத் தந்தி. பையன் பம்பாய்ல தவறிட்டான். நான்தான் எழுதி எடுத்தேன். காலைலதான் அவரு என்கிட்ட ‘பையன் அடுத்த மாசம் வர்றான்’னு சொல்லிட்டுப் போனாரு. டெலிவரி ஆகற வரைக்கும் நான் வாயத் திறக்கக் கூடாது. அதுதான் ரூல். சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போய் உக்காந்தேன். எதுவும் பேசல, உக்காந்திருந்தேன்” என்றார். இதை அவர் சொன்னது இந்த வருடம்தான். அதுவரை நான் கேட்டதும் இல்லை.

இந்தியாவில் தந்தி சேவை 2013, ஜூலை 14-ம் தேதியோடு முடிந்தது. கடைசி நாளில் பல ஊர்களில் தந்தி ஆபீஸ்களில் கூட்டம் அலைமோதியது. தாத்தாவும் போய் வரிசையில் நின்று எனக்கு ஒரு தந்தி கொடுத்தார். நான் அப்போது ப்ளஸ் ஒன். வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே தந்தி. படித்தேன், ‘சூப்பர் தாத்தா’ என்று போன் பண்ணினேன், எங்கேயோ வைத்தேன். இன்று வரை கிடைக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு ஞாபகம் இருக்கிறது, கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

‘பிபி’ தெரியுமா?

பழைய கல்யாணப் பத்திரிகை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். போன் நம்பருக்குப் பக்கத்தில் ‘பிபி’ என்று போட்டிருக்கும். பிளட் பிரஷர் இல்லைங்க. ‘இது எங்கள் வீட்டு நம்பர் இல்லை, பக்கத்து வீட்டு நம்பர். கூப்பிட்டால் எங்களை அழைத்துவிடுவார்கள்’ என்று அர்த்தம். போனுக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் செய்ய வேண்டும். சாதாரணமா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா என்று ஆபரேட்டர் கேட்பார். வேகம் கூடக் கூடக் கட்டணமும் கூடும். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. லைன் கிடைத்ததும் தெருவே கேட்கும்படி கத்திப் பேசுவார்கள். உங்கள் பெரியப்பா இன்றும் வாட்ஸ்அப் காலில் கத்துகிறார் என்றால், அந்தப் பழக்கம்தான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம். 1980-களின் இறுதியில் மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத்துகள் பரவின. இரவில் கட்டணம் குறைவு என்பதால் சாப்பிட்டுவிட்டு பூத் வாசலில் வரிசை நின்றார்கள். 1995, ஜூலை 31-ல் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதிபாசு, கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அதே வருடம் ஆகஸ்ட் 15-ல் இன்டர்நெட் பொதுமக்களுக்கு வந்தது. வருகிற அழைப்புக்கும் காசு என்ற கொடுமை 2003-ல் ஒழிந்தது. 2016-ல் யுபிஐ வந்தது, ஜியோவும் வந்தது. மற்றது உங்களுக்கே தெரியும்.

ஒரு தந்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க விழித்திருந்த மனிதருக்கு, ப்ளூ டிக் எவ்வளவு பெரிய விஷயம்! நமக்கு அது சண்டை போடுகிற விஷயம்.

பாட்டியின் லிஸ்ட் வேற

தாத்தாவிடம் ‘உங்க வாழ்க்கையில பெரிய மாற்றம் எது?’ என்று கேட்டால் டெலிபிரிண்டரில் ஆரம்பித்து செல்போனில் முடிப்பார். அதே கேள்வியை பாட்டியிடம் கேட்டேன். “கிரைண்டர்” என்றார், யோசிக்காமல்.

தினமும் விடிகாலையில் விறகடுப்பை ஊதி, புகையில் கண் எரிந்து, மாலையில் ஆட்டுக்கல்லில் ஒன்றரை மணி நேரம் மாவாட்டியவருக்கு, உலகை மாற்றிய கருவி கிரைண்டரும் காஸ் அடுப்பும்தான். ‘அந்தக் காலத்துல அம்மியில அரைச்ச ருசியே தனி’ என்று அந்த ஃபார்வர்டு மெசேஜில் வருகிறதே, அதைப் படித்துக் காட்டினேன். “எழுதினவன் அரைச்சிருக்க மாட்டான். தின்னுருப்பான்” என்றார்.

பாட்டி எட்டாவதோடு நிறுத்தப்பட்டவர். 1966-ல் கல்யாணம். 1989-ல் தமிழ்நாட்டில் பூர்விகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு விதி இருந்தது. அதனால் பாட்டிக்கு அன்று கிடைக்கவில்லை. என் அத்தைக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பிறகு குடும்பத்தில் பாகம் பிரித்தபோது அத்தைக்கும் ஒரு பங்கு வந்தது. அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸ் பாட்டியின் பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கிறது. அவருடைய பெருமை அதுதான். ஃபார்வர்டு மெசேஜ் எதிலும் இது வராது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரை வேறொரு கட்டுரைக்காகச் சந்தித்தேன். சிறு வயதில் ஊர் டீக்கடையில் அவர் குடும்பத்துக்குத் தனி கிளாஸ். கீழே உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். இன்று அதே ஊரில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே டீ குடிக்கிறார். அவரிடம் போய், ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று சொல்லிப் பாருங்கள். மாற்றத்தைப் பார்த்த பெருமை அவருக்கும் நிறையவே இருக்கிறது. பழைய நாள்கள் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் துளியும் கிடையாது. இந்த ரெண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அந்த ஃபார்வர்டில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு வரியும் உண்டு. ‘குழாய்த் தண்ணி குடிச்சோம், ஊசி போடல, ஒண்ணும் ஆகல’ வகை வரி. ஒன்றும் ஆகாதவர்கள்தானே இன்று குரூப்பில் இருக்கிறார்கள்! 1960-களில் இந்தியர்களின் சராசரி ஆயுட்காலம் 50 வயதைக்கூடத் தொடவில்லை. பாட்டியின் கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. பெரியம்மைத் தடுப்பூசி. உங்களுக்கும் எனக்கும் அது இல்லை, நம் தோளில் இருப்பது பெரும்பாலும் காசநோய்க்கான பிசிஜி. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மையே இல்லை, அதனால் நமக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை. ஊசி போட்டதால்தான் அவர்கள் நம்மிடம் கதை சொல்ல உயிரோடு இருக்கிறார்கள்.

சரி, ஏன் திரும்பத் திரும்ப?

இதற்கு உளவியலில் பதில் இருக்கிறது. வயதானவர்களிடம் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான நினைவுகளே மற்ற காலத்தைவிட அதிகமாக வரும். முதல் சம்பளம், முதல் காதல், முதல் முறை வீட்டை விட்டு வெளியே தங்கியது... எல்லாமே முதல்முறை நடக்கும் வயது என்பதால் அழுத்தமாகப் பதிகிறது என்பது ஒரு விளக்கம். உங்களுக்கும் 70 வயதில் இந்த வருடப் பாட்டுதான் ஓடும், பார்த்துக்கோங்க.

ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-ல் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். அதுவரை முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளை தளர்வதன் அடையாளமாகப் பலர் பார்த்தார்கள். பட்லர் அதை மறுத்தார். வாழ்வின் பிற்பகுதியில் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குப் போடுவது இயல்பு, அவசியமும்கூட என்றார். வயதை வைத்து ஒருவரை மட்டம்தட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஏஜிசம்’ என்ற சொல்லை உருவாக்கியவரும் இவரேதான்.

அதாவது, தாத்தா நமக்கு வகுப்பு எடுக்கவில்லை. தன் வாழ்க்கைக்கு அர்த்தம் இருந்ததா என்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்குக்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது. நாம் கும்பிடு எமோஜி போட்டுவிட்டுப் போகிறோம்.

அந்தப் பத்து நாள்

இப்போது ஆரம்பத்தில் விட்டதற்கு வருகிறேன். நான் அந்தப் பதிலைப் போட்ட அதே வாரம், தாத்தா ஒரு வங்கிக்குப் போயிருக்கிறார். பென்ஷன் வாங்குபவர்கள் வருடா வருடம் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று சான்று கொடுக்க வேண்டும். மத்திய அரசு பென்ஷன்தாரர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். கைரேகை வைத்துச் செய்கிற டிஜிட்டல் முறை 2014-லிருந்து இருக்கிறது.

தாத்தாவின் கைரேகையை மெஷின் எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வயதாக ஆக ரேகைகள் தேய்ந்து, தோலும் வறண்டுவிடுவதால் இது பலருக்கும் நடக்கிறது. ஆனால், அங்கிருந்தவர் அதைச் சொல்லவில்லை. “பெரியவரே, வீட்டுல படிச்ச பசங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க” என்று சொல்லியிருக்கிறார். பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்திருக்கிறார்கள்.

39 வருடம் அந்த விரல்களை வைத்து வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. பாட்டியிடம்கூட. நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், “நான் இருக்கேன்னு மிஷினே ஒத்துக்கலம்மா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ‘ஏற்கெனவே அனுப்பிட்டீங்க’ என்ற என் மெசேஜ் அவருக்கு எந்த நாளில் போய்ச் சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

உங்கள் வீட்டில் இதே பிரச்னை இருந்தால் தெரிஞ்சுக்கோங்க: கைரேகை மட்டுமே வழி இல்லை. 2021-லிருந்து முகத்தை வைத்தே ஜீவன் பிரமாண் சான்று எடுக்கலாம், உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே. ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்று ரெண்டு ஆப் வேண்டும். பென்ஷன் ஆர்டர் எண், பேங்க் விவரம், ஆதார், மொபைல் நம்பர் கையில் இருக்கட்டும். போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிற சேவையும் உண்டு, சிறு கட்டணம். பேப்பரில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற பழைய முறையும் இருக்கவே இருக்கிறது.

இன்னொன்று ரொம்ப முக்கியம். யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரர்கள் குறி வைக்கிறார்கள். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுவார்கள், ‘வீட்டில் யாரிடமும் சொல்லாதே’ என்பார்கள். அப்படி ஒரு கைது முறையே சட்டத்தில் கிடையாது. கேட்டாலே ‘இதுகூடத் தெரியாதா?’ என்று சலித்துக்கொள்கிற வீட்டில், மிரட்டல் கால் வந்தால் பெரியவர் யாரிடம் போய்ச் சொல்வார்? பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

அன்று மதியமே திண்ணை வெளிச்சத்தில் உட்கார்ந்து முகத்தை வைத்து முயற்சி செய்தோம். போனை நான் வாங்கப் போனேன், தரவில்லை. “நீ சொல்லு, நான் பண்றேன்” என்றார். மூன்று முறை கண் சிமிட்டியது சரியாகப் பதியவில்லை. நாலாவது முறை ஓகே ஆனது. பாட்டி உள்ளேயிருந்து, “உசுரோட இருக்கீங்களாமா?” என்று கேட்டார்.

ஒவ்வொரு படியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ‘லை’, ‘னை’ எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த எழுத்தில். அதை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை, கேட்டால் “எல்லாத்தையும் மாத்திட்டேன், இது இருந்துட்டுப் போகட்டும்” என்கிறார். நோட்டின் முதல் பக்கம் முழுக்க 1930 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நாலே நம்பர்தானே தாத்தா, மனப்பாடம் ஆயிடுமே என்றேன்.

“பதற்றத்துல எதுவும் ஞாபகம் வராதும்மா. தந்தி கொடுக்க ஓடி வருவாங்க... ஃபாரத்தைக் கையில குடுத்தா, அண்ணன் வீட்டு விலாசமே மறந்துபோய் நிப்பாங்க. நாங்கதான் ஒரு தம்ளர் தண்ணி குடுத்து உக்கார வைப்போம்” என்றார்.